பேரவைக்கு ஒரு பொன்னாடை

மொன்றியல் நகரத்துப் பியர்பொன்ட்ஸில், பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்கிற ஒரு டெப்பனர் கடைக்கு மேல்மாடியில் மேற்குத்தீவு ஜெர்மன் மொழிப் பேரவை இயங்குகிறது. அங்கே ஜெர்மன் மொழி கற்பிப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பேரவையே பெருமையாகச் சொல்கிறது. "மொழியை எவரும் கற்பிக்கலாம். நாங்கள் மொழிக்கு ஆட்களைத் தயார்படுத்துகிறோம்" என்று வாசலில் பித்தளைப் பலகை வைத்திருக்கிறார்கள். கியூபெக் சட்டப்படி பிரெஞ்சில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில். ஜெர்மனில் அந்தப் பலகையில் ஓர் எழுத்தும் இல்லை.

கீர்த்திகன் அந்தப் பலகையை வாசித்துவிட்டுத்தான் படியேறினான். அவசரத்தில் இருக்கிறவனுக்கு வாசிக்க நேரமிருக்கும், யோசிக்க நேரமிருக்காது.

அவனுடைய அவசரம் நியாயமானது. டோர்வல் விமானநிலையத்தில் பயணப்பொதிகளை ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. மனைவி தனுஷா ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்து ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்கு அங்கே நிரந்தர வேலை, சுகமில்லாத தகப்பனும் அவள் பொறுப்பில். ஆகவே இவன்தான் அங்கே போக வேண்டும் என்று கலியாணத்தின்போதே பேசி முடித்தாயிற்று. ஆடி மாதம் அவள் லீவில் வந்து நின்றுவிட்டுப் போனாள். போய்க் கொஞ்ச நாளில் ஃபோன் எடுத்து, சித்திரையில் பிள்ளை என்றாள். இலங்கைப் பாஸ்போட்டோடு இருக்கிறவன் அங்கே மனைவியிடம் போய்ச் சேர ஆரம்பநிலை ஜெர்மன் பரீட்சையில் தேற வேண்டும். பெரிய காரியமில்லை. நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன், அரைக் கிலோ தக்காளி தாருங்கள் என்கிற அளவு தெரிந்தால் போதும். அந்தத் தக்காளிக்காகத்தான் புரட்டாதியில் அவன் பேரவையின் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தவர் கோட்டும் சூட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றார். பெயர் சிவராசா. அட்டையில் பெயருக்கு முன்னால் திருவுக்குப் பதிலாக ஜெர்மன் முறையில் 'ஹெர்' என்றும், கீழே 'மூத்த அன்றாட வாழ்வு ஆலோசகர்' என்றும் இருந்தது. முருகன் கோயில் அறிவித்தல் பலகையில் பேரவையின் விளம்பரத்தை ஒட்டுகிறவரும் இவர்தான். அங்கே வேட்டியோடு பார்த்த முகமென்பதால் கீர்த்திகனுக்கு ஆறுதலாக இருந்தது.

"அண்ணை, ஜெர்மன் வகுப்பு இதுதானே?"

"அண்ணை இல்லை. ஹெர் சிவராசா."

"ஓம் அண்ணை."

"ஹெர்."

"ஓம், ஹெர் அண்ணை."

சிவராசா மணிக்கூட்டைப் பார்த்தார். "வகுப்பு ஆறரைக்கு. நீர் பத்து நிமிசம் முந்தி வந்திட்டீர். பிந்தி வாறவன் தன்ர நேரத்தைத்தான் வீணாக்கிறான். முந்தி வாறவன் மற்றவன்ர நேரத்துக்குள்ள காலை வைக்கிறான். ஜெர்மனியில அப்பிடித்தான்." இதைச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கீர்த்திகன் படியில் நின்றான். ஆறரைக்குக் கதவு திறந்தது. இவன் வழக்கப்படி குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். லேஸ் சிக்குப்பட்டது. நிமிர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. அன்று அவன்மேல் இரண்டு குற்றங்கள் பதிவாயின. ஒன்று முந்தி வந்தது, மற்றது பிந்தி வந்தது. வேலை முடிந்து பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தவன், பாடம் ஒன்றும் கேளாமலே அதே பஸ்களில் திரும்பிப் போனான்.

அடுத்த கிழமைதான் பணிப்பாளரைக் கண்டான். அவர் கியூபெக்காரர். ஹெர் டிரெக்டர் டொக்டர் கோத்தியே என்று முழுவதாகச் சொல்ல வேண்டும், இடையில் மூச்சு விடக்கூடாது. கலாநிதிப் பட்டம் எதில் என்று முன்பொருமுறை யாரோ கேட்டதாகவும், அந்தக் கேள்வி தனியுரிமை மீறல் என்று சுற்றறிக்கை வந்ததாகவும் கேள்வி. அவர் வரவேற்புரையை நின்றுகொண்டே ஆற்றினார், ஆங்கிலத்தில்.

"மற்ற நிலையங்களில் முதல் நாளே மாணவர்களைப் பேச விடுகிறார்கள். இது பொறுப்பற்ற செயல். பேசினால் பிழை வரும். பிழை வந்தால் திருத்த வேண்டும். திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் என்றால் சம்பளம். ஆகவேதான் எங்கள் முறையின் அத்திவாரம் மௌனம். இந்த நிலையத்தில் இதுவரை ஒரு மாணவர்கூட ஜெர்மனைப் பிழையாகப் பேசியதில்லை."

எல்லோரும் மேசையை விரல் மொளியால் தட்டினார்கள். கைதட்டுவது அநாகரிகம், ஜெர்மன் கல்விமான்கள் மேசையைத்தான் தட்டுவார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. கீர்த்திகனும் தட்டினான். பக்கத்துக் கதிரையிலிருந்த பெண் தட்டவில்லை. மன்னாரைச் சேர்ந்த அக்னெஸ், ஐம்பத்தைந்து வயது தாண்டியவர். மகன் ஜெர்மன்காரி ஒருத்தியைக் கட்டியிருக்கிறான். மருமகளோடு சண்டை பிடிப்பதற்காவது மொழி வேண்டுமென்று வந்தவர், வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது.

"இஞ்ச என்ன படிப்பிக்கினம் அன்ரி?"

"வாழப் படிப்பிக்கினம் மகன். கதைக்கிறது பேந்து."

வாழ்வதற்கென்று ஓர் ஊரே இருந்தது. வகுப்பறைக்கும் கழிவறைக்கும் நடுவிலுள்ள நடைபாதைக்கு நொய்ஹைம் என்று பெயரிட்டு அதை ஜெர்மன் நகரமாக்கியிருந்தார்கள். ஒரு வாங்கு, ஒரு தபால்பெட்டி, நான்கு நிறத்தில் நான்கு குப்பைத்தொட்டிகள், பாதசாரிகளுக்கான சிவப்பும் பச்சையுமான விளக்கு. மாணவர் ஒவ்வொருவரும் அந்த நகரத்தில் வதிவாளராகப் பதிய வேண்டும். கீர்த்திகனுக்குக் கிடைத்த வீடு, உடுப்புக் கொளுவும் தாங்கிக்கும் தீயணைக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட சுவர்த்துண்டு. வாரத்தில் ஒருநாள் அந்தச் சுவரோடு அரைமணி நேரம் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். அதற்கு ஞாயிறு ஓய்வு என்று பெயர். அது நடப்பது செவ்வாய்க்கிழமை.

பதியும்போதே அவன் சிவராசாவிடம் விசயத்தை விளங்கப்படுத்தினான். "எனக்கு மனிசியிட்டப் போகவேணும். பரீட்சை எப்ப எழுதலாம்?"

"முதல் அன்றாட வாழ்வில தேறவேணும். தேறினால் தயார்நிலைச் சான்று தருவம். சான்று வேணும்."

"சான்று வேணுமோ?"

"சான்று வேணும்" என்று சிவராசா மறுபடி சொன்னார். அந்தக் குரலில் சொன்னால் நீங்களும் நானும்கூட நம்பியிருப்போம்.

ஐப்பசியில் ஒருநாள் நொய்ஹைமின் விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. வகுப்பறையிலிருந்து வந்த பன்னிரண்டு பேரும் விளக்குக்கு முன்னால் நின்றார்கள். நடைபாதையில் வாகனம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விளக்கு சிவப்பு. மின்சாரக்காரருக்கு அறிவிப்பதற்கான தொலைபேசி விளக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. கழிவறையும் அந்தப் பக்கம்தான். சிவராசா இந்தப் பக்கம், மாணவரோடு நின்றார், நெற்றியில் வியர்வை.

முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த அக்னெஸ், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடந்துபோனார்.

"ஃப்ராவ் அக்னெஸ், சிவப்பு" என்று சிவராசா பதறினார்.

"என்ர சலப்பைக்கு ஜெர்மன் தெரியாது, ஹெர் சிவராசா" என்று சொல்லிவிட்டு அவர் கழிவறைக்குள் போனார்.

அன்று அக்னெஸின் நொய்ஹைம் வதிவுரிமை ரத்தானது, வகுப்புக்கு வரத் தடையில்லை. மற்றவர்கள் வகுப்பு முடியும்வரை நின்றார்கள். இறுதியில் பணிப்பாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்து, அந்தப் பக்கம் நின்றபடி பேசினார். "நீங்கள் இன்று ஒரு விளக்குக்கு முன்னால் மாலை முழுவதும் நின்றீர்கள். வாகனம் வரவில்லை. வரவும் முடியாது, இது மேல்மாடி. அது தெரிந்தும் நின்றீர்கள். நூறு வினைச்சொற்களைப் பாடமாக்கினாலும் இந்த இடத்துக்கு வரமுடியாது. எனக்கே இது முடியாது. நான் பின்படியால்தான் போய்வருகிறேன்."

மேசை அருகில் இல்லாததால் எல்லோரும் சுவரைத் தட்டினார்கள்.

தேயிலைப் பைப் பரீட்சையில் கீர்த்திகன் மூன்று முறை தோற்றான். குடித்து முடித்த தேயிலைப் பையைப் பிரித்துத் தூளை ஒரு தொட்டியிலும், பையை இன்னொன்றிலும், நூலை வேறொன்றிலும், நூல் நுனிக் கடதாசியை நான்காவதிலும் போட வேண்டும். முதல்முறை நூல் அறுந்தது. இரண்டாம் முறை தூள் கையில் ஒட்டியது, கையை எந்தத் தொட்டியில் போடுவதென்று தெரியவில்லை. மூன்றாம் முறை எல்லாம் சரியாகச் செய்தான். அப்போதும் தோல்விதான். ஏன் என்று கேட்டதற்கு, செய்யும்போது அவன் முகத்தில் சந்தோசம் தெரிந்ததாகச் சிவராசா சொன்னார். "சந்தோசமாச் செய்யிறது இல்லைத் தம்பி. கடமையாச் செய்யிறது. ஜெர்மனியில அப்பிடித்தான்."

பிறகு கறிவேப்பிலைப் பிரச்சினை வந்தது. இடைவேளையில் கீர்த்திகன் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியில் சாப்பிட்டு ஒதுக்கிய கறிவேப்பிலை, மரக்கறிக் கழிவா, மருந்துக் கழிவா, அலங்காரப் பொருளா என்று தீர்மானிக்க ஒரு குழு அமைந்தது. குழு நாலு முறை கூடியது. இறுதி முடிவு வரும்வரை கறிவேப்பிலையை விழுங்கும்படி இடைக்கால உத்தரவு பிறந்தது. அந்த உத்தரவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்று கேள்வி.

மார்கழியில் பனி கொட்டிய ஒரு ஞாயிறு தனுஷா வீடியோவில் வந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. நெற்றியில் கை வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்து கிடந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட பேரென்ன எண்டு ஜெர்மனில கேக்கிறன், பதில் சொல்லுங்கோ பாப்பம்."

கேட்டாள்.

"அது இன்னும் வரேல்லை."

"நாலு மாசமாப் போறியள். பேரே வரேல்லையோ?"

"இப்ப குப்பையில நிக்கிறம்."

"அப்ப என்னோட கதைச்சுப் பழகுங்கோ. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நான் சொல்லித் தாறன்."

"வீட்டில பழகினால் பிழையாப் பழகிடுவம் எண்டு விடுகினமில்லை. சான்று தரமாட்டினமாம்."

தனுஷா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "இஞ்ச நான் தனியத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும் போல கிடக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் இவன் தாங்கியிருப்பான். சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்த வகுப்பில் அக்னெஸிடம் சொல்லி அழாத குறை. அக்னெஸ் பங்குக் கோயில் சபையில் பல வருடம் செயலாளராக இருந்தவர். அலுவலகங்கள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தார்.

"மகன், உவையளிட்டக் கேட்டால் ஒண்டும் நடவாது. உவையளைப் பாராட்ட வேணும்."

"என்னத்துக்குப் பாராட்டுறது?"

"பாராட்டுக்குக் காரணம் தேவையோ? பொன்னாடை ஒண்டைப் போர்த்து, நாலு பேர் எழும்பி நல்லதாச் சொன்னால் கல்லும் கரையும். எங்கட பங்கு மண்டபம் எப்பிடிக் கிடைச்சதெண்டு நினைக்கிறாய்?"

தமிழனுக்கு ஓர் அதிகாரியிடம் காரியம் ஆக வேண்டுமானால் இதைவிட நேரான வழி தெரியாது. பிரதேச சபைத் தலைவர், வங்கி முகாமையாளர், பாடசாலை அதிபர் என்று எத்தனை தோள்கள் இப்படி மூடப்பட்டிருக்கின்றன. கீர்த்திகனுக்கு உடம்பில் உயிர் வந்தது. மாசி மாதத்து வெள்ளி ஒன்றைக் குறித்தார்கள். பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு கடையில் சரிகைக் கரை வைத்த இரண்டு பொன்னாடைகள் வாங்கினார்கள், ஒன்று பணிப்பாளருக்கு, ஒன்று சிவராசாவுக்கு. ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டிக்கு அக்னெஸ் பொறுப்பு.

விழா வகுப்பறையில் நடந்தது. தீ விதிகளின்படி குத்துவிளக்கைப் பற்றவைக்க அனுமதி கிடைக்காததால் பற்றரியில் எரிகிற மெழுகுதிரியை ஏற்றினார்கள், அதாவது ஆளுக்கு ஆள் எழுந்துபோய்ச் சுவிச்சை அணைத்து அணைத்துப் போட்டார்கள். அக்னெஸின் கணவர் யோசெப்பும் வந்திருந்தார். ஒவ்வொரு முறை சபையினர் மேசையைத் தட்டும்போதும் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வெளியே யாரென்று பார்த்துவிட்டு வந்தார்.

கீர்த்திகன் வரவேற்புரை வாசித்தான். பணிப்பாளரை மொழித்தந்தை என்றான், நொய்ஹைமின் சிற்பி என்றான், அடுத்து எழுதி வைத்திருந்ததை வாசிக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் சித்திரை நெருங்குகிறது என்பதால் வாசித்தான். வாசிப்பின் கடைசி வரியில் சான்று விசயத்தை மெல்லச் செருகியிருந்தான். பிறகு முதலில் சிவராசாவுக்கும், அடுத்துப் பணிப்பாளருக்கும் பொன்னாடை போர்த்தினான்.

"இதைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று பணிப்பாளர் காதோடு கேட்டார்.

"இல்லை, ஐயா. உங்களுக்குத்தான்."

ஹெர் டிரெக்டர் டொக்டர் கோத்தியே அழுதார். கண்ணாடியைக் கழற்றிப் பொன்னாடையின் சரிகையில் துடைத்தார், அது இன்னும் கீறுப்பட்டது. பிறகு ஏற்புரைக்கு எழுந்தார்.

"இருபது வருடமாக இந்தப் பேரவையை நடத்துகிறேன். என்னை எவரும் பாராட்டியதில்லை. முறைப்பாடு செய்திருக்கிறார்கள். ஒருவர் வழக்குப் போட்டார், அதுவும் பிரெஞ்சில். மாணவர்கள் வெளியேறுவதுதான் ஒரு கல்வி நிறுவனத்துக்கு நேரக்கூடிய மிகப் பெரிய இழப்பு. அதை நாங்கள் இதுவரை ஏறக்குறைய முற்றாகத் தடுத்து வந்திருக்கிறோம்."

மேசைகள் தட்டப்பட்டன. யோசெப் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஹெர் கீர்த்திகன் ஒரு சான்று பற்றிக் குறிப்பிட்டார். இவரைப் போன்ற ஒருவருக்குச் சான்று கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கு இன்றுதான் விளங்கியது. கொடுத்தால் போய்விடுவார். ஆகவே இரண்டு அறிவித்தல்கள். முதலாவது, பாராட்டு விழா இன்றிலிருந்து அன்றாட வாழ்வுப் பாடநெறியின் கட்டாயப் பகுதி. ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும், யாரைப் பாராட்டுவதென்று நான் அறிவிப்பேன். இரண்டாவது, ஹெர் கீர்த்திகன் இரண்டு வருடங்களுக்கு விழாக்குழுத் தலைவராக நியமிக்கப்படுகிறார். அந்தக் காலத்தில் அவர் மாணவராகவே கருதப்படுவார்."

கீர்த்திகனின் கழுத்தில் புதிய அடையாள அட்டை ஒன்றை மாட்டினார்கள். மற்ற மாணவர்கள் மேசையை ஓங்கித் தட்டினார்கள். அக்னெஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, "பங்குத்தந்தை இப்பிடிச் செய்யேல்லையே" என்றார்.

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்படிக்கு வந்தான். படியில் உறைபனி. கீழே டெப்பனர்காரர் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சிவராசா, தன் பொன்னாடையைக் கோட்டுக்கு மேலால் போட்டபடி வெளியே வந்தார்.

"தம்பி, பதவி சின்னதில்லை. நான் உந்த அட்டைக்கு ஆறு வருசம் காத்து நிண்டனான்."

"எனக்குச் சித்திரையில பிள்ளை பிறக்கப்போகுது அண்ணை."

சிவராசா ஹெர் என்று திருத்தவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"உந்தச் சான்று வேண்டாம்."

"என்ன?"

"பரீட்சைக்கு உந்தச் சான்று ஒண்டும் வேண்டாம். டவுண்டவுனில ஒரு நிலையம் இருக்கு. ஆரும் பேரைப் பதிஞ்சுபோட்டுப் போய் எழுதலாம்."

கீர்த்திகனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சூடாகியது. "அப்ப என்னத்துக்கு வேணுமெண்டு சொன்னனீங்கள்?"

"சான்று வேணுமெண்டுதான் சொன்னனான். பரீட்சைக்கு வேணுமெண்டு சொல்லேல்லை. எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

"உங்களுக்கு ஏன் சொன்னவை? நீங்கள் ஜெர்மனியில இருந்து வந்தனீங்களெல்லோ?"

சிவராசா டெப்பனர்காரர் உப்புத் தூவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒருநாளும் அங்க போனதில்லை" என்றார்.

அவருடைய மனைவி மங்களேஸ்வரி ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர்வதற்காகத்தான் இவரும் பேரவையில் சேர்ந்தார். அப்போது மகள் சாம்பவி பாலர் வகுப்பு. இப்போது அவள் பல்கலைக்கழகத்தில். கோடையில் தாயும் மகளும் மொன்றியலுக்கு வந்து இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போவார்கள்.

"அப்ப ஜெர்மனியில அப்பிடித்தான் எண்டு சொன்னதெல்லாம்?"

"அவ ஃபோனில சொல்லிறது. குப்பையை மாத்திப் போட்டதுக்குக் கீழ்வீட்டு மனிசி ஏசினவளாம், தேயிலைப் பையைத் தூக்கிக் காட்டி. சிவப்பில றோட்டைக் கடந்ததுக்கு ஒரு கிழவன் பிள்ளைக்கு முன்னால வைச்சுப் பேசினவனாம். ஞாயிற்றுக்கிழமை தையல் மெசினை ஓட்டினதுக்குப் பொலிஸ் வந்ததாம். தனிய நிண்டு எல்லாத்தையும் கேட்டுப்போட்டு இரவு எனக்குச் சொல்லி அழுவா. நான் அதைத்தான் இஞ்ச படிப்பிக்கிறன்."

கீர்த்திகனுக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. எனக்கும் இந்த இடத்தில் அதே எண்ணம்தான். ஆனால் சொந்தக் கையால் பொன்னாடை போர்த்திய ஆளை அன்றைக்கே அடிக்க மனம் வருமா. "தெரிஞ்சுகொண்டும் ஏன் போய் எழுதேல்லை?" என்று மட்டும் கேட்டான்.

"இஞ்ச ஃபெயில் விட்டால் ஒண்டும் நடக்காது தம்பி. திருப்பித் தேயிலைப் பைதான். அங்க ஃபெயில் விட்டால் அவவுக்குச் சொல்லவேணும். இப்ப கேக்கிற நேரமெல்லாம் தயாராகிக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லலாம். பொய்யுமில்லை."

உள்ளே மறுபடி மேசைகள் தட்டப்பட்டன. கீர்த்திகன் ஃபோனை எடுத்தான். விரல் விறைத்துப்போயிருந்தது. பரீட்சை நிலையத்தின் பக்கத்தைத் தேடி, பங்குனியில் ஒரு சனிக்கிழமை இடமிருப்பதைக் கண்டு தன் பெயரைப் பதிந்தான். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அரை வருடம் அவன் குப்பைக்குள் நின்றிருக்கிறான். பிறகு அதே பக்கத்தை மறுபடி திறந்தான்.

"உங்கட பிறந்த திகதியைச் சொல்லுங்கோ அண்ணை."

கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனிதர், திகதியைச் சொன்னார், முகவரியைச் சொன்னார். கடைசியில்தான் என்னத்துக்கு என்று கேட்டார்.

"உங்களையும் பதிஞ்சிட்டன். அந்தச் சனி ரெண்டு பேரும் போறம்."

சிவராசா பொன்னாடையின் நுனியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். கண் கலங்கியிருந்தது. "வாறன் தம்பி" என்றார். "கட்டாயம் வாறன்."

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களைப் பதற வைக்கிற பழக்கம் எனக்கில்லை. கீர்த்திகன் அடுத்த நாளே பேரவைக்குப் போவதை நிறுத்தினான். ஒவ்வொரு நாளும் தனுஷா வீடியோவில் வந்தாள். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள், இவன் விமானநிலையச் சாப்பாட்டறையில் இருந்து பிழைபிழையாகப் பதில் சொல்வான், அவள் சிரித்துச் சிரித்துத் திருத்துவாள். ஒரு மாதத்தில் பெயரும் ஊரும் தக்காளியும் வந்துவிட்டன. பரீட்சையில் மட்டுமட்டாகத் தேறினான். விசா, பிள்ளை பிறப்பதற்கு முந்திய கிழமை வந்தது. நான் சொல்ல வந்தது அதையல்ல, பரீட்சை அறைக்கு வெளியே நடந்ததை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீர்த்திகன் ஃபோன் எடுத்தபோது சிவராசா, "வெளிக்கிட்டிட்டன் தம்பி, வாறன், வாறன்" என்றார். இவன் மெற்றோவில் போய் இறங்கிக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தான். சுவரோரமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் வரிசையில் நிறுத்தப்படவில்லை. ஒரு பெண் கோப்பி குடித்துவிட்டுக் கோப்பையை எந்தத் தொட்டியில் போடுவதென்று யோசிக்காமல் போட்டாள்.

பேச்சுப் பரீட்சைக்கு இருவர் இருவராக அழைத்தார்கள். பரீட்சகர் தலை நரைத்த ஜெர்மன் பெண்மணி. கதவில் நின்று கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஹெர் சிவராசா" என்றாள். ஒரு ஜெர்மன்காரி, ஜெர்மன் மண்ணில் கூப்பிடுகிற மாதிரியே, முழு மரியாதையோடு. அறையில் யாரும் எழவில்லை. கீர்த்திகன் ஃபோனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான்.

மறுமுனையில் சிவராசா ரகசியக் குரலில் பேசினார். "தம்பி, குறை நினையாதையும். வழியில டிரெக்டர் எடுத்தவர். அவசரக் கூட்டமாம். நான் இல்லாமல் தொடங்கமாட்டாராம்."

"என்ன கூட்டம் அண்ணை? இஞ்ச உங்கட பேரைக் கூப்பிடுகினம்."

"விழாக்குழுவுக்கு உம்மட இடத்தில ஆரைப் போடுறதெண்டு."

பின்னால் மேசை தட்டுகிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

"ஹெர் சிவராசா?" என்று பெண்மணி மறுபடி கேட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் எழுவதற்கு நேரம் கொடுக்கிறவள் போல நின்றாள்.

கீர்த்திகன் மூலையிலிருந்து முன்னால் வந்தான். சொற்களை மனதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு ஜெர்மன்காரியிடம் ஜெர்மன் பேசினான். "அவர் வரமாட்டார். அவருக்குக் கூட்டம்."

அவள் அனுதாபத்தோடு தலையசைத்து அந்தப் பெயரின்மேல் கோடு கிழித்தாள்.